ஆகஸ்ட் 15-ஐ நண்பர்களோடு வேதாரண்யத்தில் கொண்டாட: முதல்முறை போகிறவர்களுக்கு

நாங்கள் ஆறு பேர். சுதந்திர தினத்தைத் தொலைக்காட்சி முன்னால் கழிக்காமல், ஏதாவது ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூட மைதானத்தில் நின்று கொடிக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாகப் பேசிக்கொண்டிருந்தோம். 1930-ல் உப்பெடுத்த ஊர் என்பதால் வேதாரண்யத்தை முடிவு செய்தோம். முதல் வருடம் ஊருக்குள் நுழைந்தபோது காலை ஒன்பதே முக்கால். பள்ளியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் மிட்டாயோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் ஒவ்வொன்றையும் விசாரித்து, சரியாகத் திட்டமிட்டுப் போனோம். அந்த இரண்டு பயணங்களில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வேறு சின்ன ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் சுதந்திர தின விழா காலை எட்டு, எட்டரைக்குத் தொடங்கி, பத்து மணிக்குள் முடிந்துவிடும். மாலையில் ஒன்றும் இருக்காது. அதனால் உங்கள் பயணத்தின் முக்கியமான நாள் 15 அல்ல, 14. அன்று மதியத்துக்குள் ஊரில் இருந்தே ஆக வேண்டும்.

1. டிக்கெட்: 60 நாள் கணக்கு

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஆகஸ்ட் 13 இரவு ரயில் என்றால் ஜூன் 14 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். 2026-ல் ஆகஸ்ட் 15 சனிக்கிழமை வருகிறது. ஞாயிறும் சேர்வதால் கூட்டம் இருக்கும், திரும்பும் டிக்கெட்டையும் அது திறக்கிற அன்றே எடுத்துவிடுங்கள்.

நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது வருகிற சிக்கல் ஒன்று உண்டு. சாதாரண முன்பதிவில் ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். தட்கலில் நான்கு பேர்தான். நாங்கள் முதல் வருடம் தட்கலை நம்பி இருந்தோம். நான்கு பேருக்குக் கிடைத்தது, இரண்டாவது டிக்கெட் போடுவதற்குள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. எங்கள் தாமதம் அங்கேயே தொடங்கியது. தட்கல் எடுத்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு பேர் இரண்டு கணக்குகளில் ஒரே நேரத்தில் உட்காருங்கள். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி, இரண்டும் ரயில் புறப்படும் நாளுக்கு முந்தின நாள். கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து அது இல்லாமல் இணையத்தில் தட்கல் கிடையாது. அதை முந்தின வாரமே முடித்துவிடுங்கள். காலை 10 மணிக்கு உட்கார்ந்து ஓடிபிக்குக் காத்திருந்தால் ரயில் நிரம்பிவிடும்.

எங்கே இறங்குவது? நாகப்பட்டினத்தில் இறங்கினால் அங்கிருந்து வேதாரண்யத்துக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. திருத்துறைப்பூண்டியில் இறங்கினால் கொஞ்சம் பக்கம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023 ஏப்ரலிலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது, வேதாரண்யத்திலும் நிற்கும். ஆனால் நடைகள் குறைவு. நேரம் பொருந்தினால் ஏறுங்கள், பொருந்தாவிட்டால் காத்திருக்காமல் பேருந்தைப் பிடியுங்கள்.

2. லாட்ஜ்: அடையாள அட்டைதான் எல்லாம்

சுதந்திர தினத்துக்கு முந்தின சில நாட்கள் தமிழ்நாடு முழுக்கவே லாட்ஜுகளில் போலீஸ் சோதனை இருக்கும். வேதாரண்யம் கடலோர ஊர் என்பதால் இன்னும் கூடுதலாகவே பார்ப்பார்கள். அதனால் லாட்ஜ்காரர்கள் ஒரு துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அதில் அவர்கள் மீது தவறும் இல்லை.

ஒருவர் அட்டை காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். ரயிலில் ஒரு டிக்கெட்டுக்கு ஒருவரின் அசல் அட்டை போதும், லாட்ஜில் தங்குகிற ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். எங்களில் ஒருவர் ஆதாரை வாட்சப்பில் படமாக மட்டுமே வைத்திருந்தார். முதல் லாட்ஜில் அறை தரவில்லை, இரண்டாவது லாட்ஜிலும் அதே பதில். கடைசியில் அவருடைய ஓட்டுநர் உரிமம் பையின் அடியில் கிடைத்ததால் பிழைத்தோம்.

ஆளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை: அசல் ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் இவற்றில் இரண்டு, ஒன்றின் நகல் இரண்டு பிரதி. ஆதார் நகல் கொடுக்க மனமில்லை என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைப் பதிவிறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதை ஏற்பார்களா என்று லாட்ஜில் முன்னாடியே போனில் கேட்டுவிடுங்கள். கூட வெளிநாட்டு நண்பர் இருந்தால் கடவுச்சீட்டும் விசாவும் அசலாக வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ் அதை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். எல்லாச் சின்ன லாட்ஜும் அந்த வேலைக்குத் தயாராக இருக்காது. முன்பதிவு செய்யும்போதே "வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லிவிடுவதுதான் நல்லது.

செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 15 மதியம் உப்பளத்தில் நிற்கும்போது அறையைக் காலி செய்யச் சொல்லி அழைப்பு வந்தால் அந்த நாளே கெட்டுவிடும்.

3. வண்டி

கார் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் மஞ்சள் பலகை வண்டியையே எடுங்கள். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறோம் என்று யாராவது சொல்வார்கள். அது சட்டப்படி தவறு, விபத்து என்று ஏதாவது நடந்தால் காப்பீடு கைகொடுப்பது சந்தேகம். சோதனைச் சாவடியில் "வாடகை வண்டியா, சொந்தமா?" என்று கேட்கும்போது ஆறு பேரும் ஆறு பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆர்.சி. புத்தகம், காப்பீடு, புகைச் சான்றிதழ், உரிமம் ஆகியவை டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். சிக்னல் இல்லாத இடம் வரும் என்பதால் கையில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

ட்ரோன் வைத்திருக்கிற நண்பர் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கடலோரம், சுதந்திர தினம் இரண்டும் சேர்ந்த இடத்தில் அது தேவையில்லாத விசாரணையில் கொண்டுபோய் விடும்.

4. 14-ஆம் தேதி பகல்: அனுமதி கேட்பது

நகராட்சி அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம், பள்ளிகள் என்று ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகக் கொடியேற்றுவார்கள். நேரமும் இடத்துக்கு இடம் மாறும். எல்லாவற்றுக்கும் போக முடியாது. நான் சொல்வேன், பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். அலுவலக விழாவில் பணியாளர்கள் வரிசையாக நிற்பார்கள், கொடியேறும், கலைந்துவிடுவார்கள். பள்ளியில்தான் பாட்டு, பேச்சு, மாறுவேடம், ஒரு மாதமாகப் பழகிய அணிவகுப்பு எல்லாம் இருக்கும்.

ஆனால் பள்ளிக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. 14 அன்று பள்ளி விடுவதற்கு முன், மூன்று மணி வாக்கில், ஓரிருவர் மட்டும் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஆறு பேரும் மொத்தமாகப் போய் நிற்காதீர்கள். அவர்களுக்கு அன்று தலைக்கு மேல் வேலை இருக்கும். உங்கள் பெயர், ஊர், எத்தனை பேர், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி, கைபேசி எண்ணோடு, அடையாள அட்டை நகலையும் இணைத்துக் கொடுங்கள். கேட்காவிட்டாலும் கொடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் அவர்களுக்கும் மற்றவர்களிடம் பதில் சொல்ல எளிது. இதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது.

நாங்கள் போன பள்ளியின் தலைமையாசிரியை தாளை வாசித்துவிட்டு, "எட்டேகாலுக்கெல்லாம் வந்துடுங்க சார். அப்புறம் கேட்டைச் சாத்திடுவோம். போட்டோ எடுங்க, ஆனா பிள்ளைங்க முகத்தைப் பேஸ்புக்ல போடாதீங்க" என்றார். நியாயமான பேச்சு. நீங்கள் போகும் பள்ளியில் அப்படிச் சொல்லாவிட்டாலும் இதைக் கடைப்பிடியுங்கள்.

மிட்டாய் வாங்கித் தரலாமா என்று அப்போதே கேளுங்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, அதற்கு மேல் ஒரு இருபது சேர்த்து, உறையிட்ட மிட்டாயாக வாங்கி, ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள். நாமே வரிசையில் நின்று கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது அவர்கள் விழாவை நம் விழாவாக மாற்றிவிடும், அது வேண்டாம். மிட்டாயை 14 மாலைக்குள் வாங்கிவிடுங்கள், மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடை திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

அன்று மாலை எங்களுக்குக் கிடைத்த ஒரு காட்சியை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் கொடி மடிக்க ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். காவிப் பக்கம் உள்ள கயிற்று வளையத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்திருந்தார். மேல்பக்கம் எது என்று அவசரத்தில் மாறிப்போகாமல் இருக்கத்தான். கொடியை நீளவாக்கில் மடித்து, நடுவில் செவ்வந்தி இதழ் கைப்பிடி அளவு வைத்து, சுருட்டி, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி உருவு முடிச்சுப் போட்டார். மேலே ஏற்றினார். ஒரு வெட்டு வெட்டி இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்து இதழ்கள் உதிர்ந்தன. இறக்கி, இதழ்களைப் பொறுக்கி, மறுபடி மடித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஐந்து முறை. ஆறாவது முறை எங்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார். 14-ஆம் தேதியே ஊரில் இருந்தால்தான் இது வாய்க்கும்.

5. கொடி: நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்

முதல் வருடம் எங்களைத் தாமதப்படுத்தியதில் பாதி எங்கள் காரில் கட்டியிருந்த கொடி. பானெட் மேல் விரித்துக் கட்டியிருந்தோம், ஆசையாகத்தான். நாகப்பட்டினத்திலிருந்து வரும் வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வயதான காவலர் ஒருவர், "தம்பி, இப்படிப் போர்த்தக் கூடாது. கழட்டி மடிச்சு உள்ள வைங்க" என்று பொறுமையாகச் சொன்னார். கழற்றி, பைகளையும் காட்டி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

இந்தியக் கொடி விதித்தொகுப்பு 2002-லும், 1971-ஆம் ஆண்டு தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டத்திலும் இருப்பவற்றில், பயணம் போகிறவர்களுக்குத் தேவையானதைச் சொல்கிறேன்.

வண்டியின் பானெட், கூரை, பக்கம், பின்புறம் எங்கும் கொடியைப் போர்த்தக் கூடாது. காரில் கம்பி நட்டுக் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், அமைச்சர்கள், உயர் நீதிமன்ற நீதிபதிகள் என்று பட்டியலில் உள்ள பதவிகளுக்கு மட்டும்.

கொடியில் எதுவும் எழுதக் கூடாது. நண்பர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு நினைவாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். எங்களிலும் ஒருவர் சொன்னார். வேண்டாம். கையெழுத்துக்கு ஒரு வெள்ளைத் துணி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடுப்புக்குக் கீழே உடையாக அணிவது, கைக்குட்டை, தலையணை உறையில் அச்சிடுவது எல்லாம் கூடாது. கொடி தரையில் படக் கூடாது. கிழிந்த, கசங்கிய கொடியை ஏற்றக் கூடாது. அவமதிப்பு என்று வழக்கானால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

எதை வாங்கலாம்? கதர்க் கொடி கதர்க் கடைகளில் கிடைக்கும். 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டர் கொடியும் செல்லும். சமீப வருடங்களில் ஆகஸ்டு வந்தால் அஞ்சலகங்களில் 20-க்கு 30 அங்குலக் கொடி 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அளவு எதுவானாலும் நீளமும் அகலமும் 3-க்கு 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். கையில் பிடிக்கக் காகிதக் கொடி நல்லது. பிளாஸ்டிக் கொடி வாங்கவே வாங்காதீர்கள்.

6. 15 காலை

ஆறு மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும். ஆறு பேர், மூன்று குளியலறை, இதைக் கணக்கில் வையுங்கள். ஏழு மணிக்குள் டிபன் முடியுங்கள். முழுக்கால்சட்டை அல்லது வேட்டி, பெண்கள் சேலையோ சுடிதாரோ அணிந்தால் பள்ளியில் இயல்பாக இருக்கும். அரைக்கால்சட்டை வேண்டாம்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் நாட்டுப்பண்ணுக்கும் அசையாமல் நிற்க வேண்டும். நாட்டுப்பண் 52 விநாடி. அந்த 52 விநாடியில் கைபேசியைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், வாய்விட்டுப் பாடுங்கள். இருநூறு சின்னக் குரல்களுக்கு நடுவில் பாடும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும், எனக்கு அடைத்தது.

வெயில் எட்டரைக்கே சுள்ளென்று இருக்கும். தண்ணீர் பாட்டில், தொப்பி இரண்டும் தேவை. கொடியேற்றும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

7. பத்து மணிக்கு மேல்

ஒன்று, அகஸ்தியம்பள்ளியில் உள்ள உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண். ஊரிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். கட்டணம் இல்லை. அதைச் சுற்றியுள்ள பகுதியில்தான் உப்பளங்கள். ஆகஸ்டில் உப்பு வாருவது நடக்கும், ஆனால் தொழிலாளர்கள் விடியலுக்கு முன்பே வந்து வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடுவார்கள். வேலையைப் பார்க்க வேண்டும் என்றால் 16 காலை ஐந்தரைக்குப் போங்கள். பாத்திக்குள் செருப்புக்காலோடு இறங்காதீர்கள், வரப்பிலேயே நில்லுங்கள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் பாத்தி ஓரத்தில் வாரிக் குவித்திருந்த ஈர உப்பை ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பொடியாக இல்லை, கற்கண்டு போலச் சதுரம் சதுரமாக இருந்தது, கனமாகவும். அவர் பாதங்களில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. அவரைப் படம் எடுக்கத் தோன்றவில்லை.

இரண்டாவது, கிராம சபை. ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூடும், வழக்கமாகக் காலை 11 மணிக்கு. வேதாரண்யம் நகராட்சி என்பதால் பக்கத்து ஊராட்சி எதற்காவது போக வேண்டும். எங்கே கூடுகிறது என்று 14 அன்றே ஊராட்சிச் செயலரிடம் கேட்டு, ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவெடுப்பதும் கையெழுத்துப் போடுவதும் அந்த ஊர் வாக்காளர்களின் வேலை. வருகைப் பதிவேட்டை உங்களிடம் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள், வெளியூர் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, கோடியக்கரை சரணாலயம். ஆகஸ்டில் பூநாரைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அவை வட கிழக்குப் பருவமழையை ஒட்டி வருபவை. வெளிமான்களைப் பார்க்கலாம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் போவது நல்லது. வனத்துறை நேரத்தையும் நுழைவுக் கட்டணத்தையும் முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டில் கவனமாக இருங்கள். தேசிய விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ தர வேண்டும் என்பது சட்டம். அதனால் சின்ன ஓட்டல்கள் சில கடையைச் சாத்திவிடும். எந்த ஓட்டல் திறந்திருக்கும் என்று 14 இரவு சாப்பிடும்போதே கேட்டு, ஆறு பேருக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். டாஸ்மாக் அன்று முழு நாள் மூடியிருக்கும். முந்தின நாள் வாங்கி வைக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். லாட்ஜில் சோதனை வருகிற இரவு அது.

8. செலவு

இரண்டாம் வருடம், ஊருக்கு வந்துபோன டிக்கெட் நீங்கலாக, ஆறு பேருக்கு எங்களுக்கு ஆனது: இரட்டைப் படுக்கை அறை 900 ரூபாய் வீதம் மூன்று அறை, இரண்டு இரவு, 5,400. சாப்பாடு 5,200. வேனும் ஆட்டோவும் 2,800. மிட்டாய் 600. கொடி 25. மொத்தம் 14,025, தலைக்கு 2,350-க்குள் முடிந்தது. நீங்கள் போகும்போது விலை மாறியிருக்கும், அறை வாடகையில் 500 ரூபாய் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி விடுமுறை என்பதால் ஏடிஎம்மில் பணம் தீர்ந்துபோகலாம். கிளம்பும் முன்பே தலைக்கு 1,500 ரூபாய் ரொக்கமாக எடுங்கள், அதில் நூறும் ஐம்பதுமாகப் பாதி. ஜிபே பெரும்பாலும் வேலை செய்யும், உப்பளத்துப் பக்கம் சிக்னலை நம்ப வேண்டாம். கணக்கு எழுதும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.

9. கிளம்பும் முன்

விழா முடிந்ததும் மைதானத்திலும் பள்ளி வாசலிலும் காகிதக் கொடிகள் சிதறிக் கிடக்கும். ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். எல்லோரும் கலைந்த பிறகு ஆறு பேரும் பிரிந்து பொறுக்கினால் பத்து நிமிட வேலை. பொறுக்கியதைக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. சேதமான கொடியைத் தனியிடத்தில், மரியாதையோடு, கூடுமானவரை எரித்து அழிப்பதுதான் முறை. நாங்கள் பையை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுத்தோம். நல்ல நிலையில் இருந்தவற்றைப் பிரித்து ஜனவரிக்கு என்று அலமாரியில் வைத்துக்கொண்டார், மீதியை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.